மினசோட்டாவின் பசி: மீட்சியில் எடைக்கு என்ன இடம்?

1944 நவம்பரில் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் விளையாட்டரங்கத்துக்கு அடியில் இருந்த ஆய்வகத்துக்கு 36 இளைஞர்கள் வந்து சேர்ந்தார்கள். ஆயுதம் ஏந்த மனச்சான்று இடங்கொடாததால், போருக்குப் போகாமல் தங்கள் உடலை ஆய்வுக்குக் கொடுத்தவர்கள் அவர்கள். உடலும் மனமும் நலமாக உள்ளவர்களாகப் பார்த்தே தேர்ந்தெடுத்திருந்தார்கள். முதல் 12 வாரம் வழக்கமான சாப்பாடு. அடுத்த 24 வாரம் அதில் ஏறத்தாழப் பாதி, அதாவது நாளொன்றுக்குச் சராசரியாக 1,570 கலோரி. ரொட்டி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு போன்றவையே உணவு. வாரத்துக்கு 22 மைல் நடக்கவும் வேண்டும். போரில் பட்டினி கிடந்த ஐரோப்பியரை எப்படித் தேற்றுவது என்பது ஆய்வை நடத்திய ஆன்சல் கீஸின் கேள்வி. இன்றைய எடைக்குறைப்புத் திட்டங்கள் பல 1,200 கலோரியோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கின்றன என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்.

அவர்கள் எடையில் கால் பங்கை இழந்தார்கள். இதயத் துடிப்பு தளர்ந்தது, கோடையிலும் குளிரெடுத்தது. அதைவிட முக்கியமானது மனத்தில் நேர்ந்தது. சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள், ஒரு வேளைச் சாப்பாட்டை நெடுநேரம் இழுத்து உண்டார்கள், தட்டை நக்கினார்கள். சிலர் கட்டுப்பாட்டை மீறித் திருட்டுத்தனமாகத் தின்றுவிட்டுக் குற்றவுணர்வில் குமைந்தார்கள். சோர்வும் எரிச்சலும் பெருகி, நண்பர்களை விட்டு ஒதுங்கினார்கள். உண்ணல் கோளாறுகளுக்குச் சிகிச்சை தரும் மருத்துவர்கள் தினமும் காண்பவைதான் இவை. வீட்டார் இவற்றைப் பிடிவாதம் என்கிறார்கள், நோயாளியோ தன் குணக்கேடு என்று நம்புகிறார். ஆனால் மினசோட்டாவில் இவை பட்டினிக்கு முன் இருந்ததில்லை.

மீட்சிக் கட்டத்தில் கிடைத்த செய்தி இன்னும் கனமானது. உணவைச் சிறிது சிறிதாகக் கூட்டியபோது பலர் தேறவே இல்லை. நாளுக்கு 4,000 கலோரி வரை தேவைப்பட்டது. ஒருவர் விறகு வெட்டும்போது தன் கைவிரல்கள் மூன்றைத் துண்டித்துக்கொண்டது பட்டினிக் காலத்தில் அல்ல, இந்தத் தேறுங்காலத்தில்தான். கட்டுப்பாடின்றி உண்ண அனுமதித்த பிறகு, வயிறு நிறைந்தும் பசி அடங்காத நிலை வந்தது. தசை முழுதாகத் திரும்பும் முன்பே கொழுப்பு பழைய அளவைத் தாண்டியது. அந்தத் தரவுகளை மறுபடி ஆராய்ந்த அப்துல் துல்லூவும் அவருடைய சக ஆய்வாளர்களும், இழந்த தசை மீளும்வரை உடல் பசியைத் தூண்டிக்கொண்டே இருக்கிறது என்ற விளக்கத்தை 1997இல் முன்வைத்தார்கள்.

இப்படி அடங்காத பசியைப் பழையவர்களும் அறிவார்கள். உண்ணல் கோளாறுகளில் ஒன்றுக்குப் பெயரான புலிமியா என்ற கிரேக்கச் சொல்லின் பொருள் எருதுப் பசி. நம் மணிமேகலையில் காயசண்டிகைக்கு வந்தது யானைத்தீ என்னும் தீராப் பசி. அது முனிவரின் சாபத்தால் வந்ததுதான். ஆனாலும் அதைத் தீர்த்தது அமுதசுரபியின் சோறு. வாயைக் கட்டச் சொல்லி யாரும் அவளை அனுப்பவில்லை.

பசிக்கு மருந்து சோறே என்பதைத்தான் டயட் பண்பாடு மறுக்கிறது. உண்ணல் கோளாற்றிலிருந்து மீள்கிறவருக்குப் பசி பெருகி, முகம் உப்பி, உடை இறுகும் நேரத்தில் ‘போதும், இனி கொஞ்சம் குறை’ என்கிறது அது. உடல் தன்னைக் கட்டியெழுப்பும் வேலை பாதியில் நிற்க, நோய் திரும்புகிறது. ஆகவே உடலை ஏற்பது சிகிச்சை முடிந்தபின் வரும் ஆறுதல் அல்ல, சிகிச்சையின் பிரிக்க முடியாத பகுதி.

மினசோட்டா இளைஞர்களுக்குத் தன்னைத்தானே பட்டினி போடும் அனோரெக்சியா நோய் இல்லை, பருமனைப் பற்றிய பேரச்சமும் இல்லை என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு நியாயமானது. அந்த அச்சத்துக்கு உளச்சிகிச்சை தனியே வேண்டும். நெடுநாள் பட்டினிக்குப் பின் திடீரென நிறைய ஊட்டினால் இரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஆபத்து வரலாம் என்பதால் மருத்துவக் கண்காணிப்பும் கட்டாயம். ஆனால் எந்த உளச்சிகிச்சையும் பட்டினி கிடக்கும் மூளையில் முழுமையாக வேலை செய்யாது.

எடை குறித்த மயக்கம் மருத்துவத்துக்குள்ளும் உண்டு. புள்ளியியலாளர் கெத்தலே 19ஆம் நூற்றாண்டில் சராசரி மனிதனைத் தேடி வகுத்த எடை-உயர விகிதத்துக்கு 1972இல் ‘பாடி மாஸ் இண்டெக்ஸ்’ என்று பெயரிட்டது இதே கீஸின் குழு. மக்கள்தொகை ஆய்வுக்கென்று அவர்கள் பரிந்துரைத்த அளவுகோல், இன்று தனியொருவர் சிகிச்சைக்குத் தகுதியானவரா என்று தீர்மானிக்கிறது. பருத்த உடலோடு தொடங்கி வேகமாக இளைத்தவர், எடை இன்னும் ‘இயல்பாக’ இருந்தாலும் அனோரெக்சியாவின் மற்ற எல்லாக் கூறுகளோடும் இருக்கலாம். 2013இல் வந்த அமெரிக்க உளமருத்துவக் கையேடான டிஎஸ்எம்-5 இதற்குத் தனி இடம் தந்தது. இதயம் தளர்ந்துகொண்டிருக்கும் அவருக்கு வெளியே கிடைப்பதோ, ‘நல்லா இளைச்சுட்டீங்களே!’ என்ற பாராட்டு.

அந்த 36 பேரில் உயிரோடிருந்தவர்களைப் பல பத்தாண்டுகளுக்குப் பின் கண்டு பேசியபோது, முழுதாகத் தேற இரண்டு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை பிடித்தது என்றார்கள். அவர்கள் பட்டினி கிடந்தது ஆறே மாதம். ஆண்டுக்கணக்கில் தன்னைப் பட்டினி போட்ட ஒருவரை, எடை ஓர் எண்ணைத் தொட்டதும் குணமாகிவிட்டார் என்று வீட்டுக்கு அனுப்பும் நடைமுறையை இந்தச் சாட்சியத்தோடு வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.