ஒழுங்குபடுத்தும் ரி கலங்களில் சைற்றோகைன் சமிக்ஞை

ஒழுங்குபடுத்தும் ரி கலங்கள், நிர்ப்பீடனத் தாக்குதல் உடலின் சொந்த இழையங்கள் மீது திரும்பாமலும் தேவைக்கு மேல் நீளாமலும் தடுக்கும் வெண்குருதிக் கலங்கள். குருதியிலுள்ள சிடி4 வகை ரி கலங்களில் இவை ஏறத்தாழ 5 முதல் 10 வீதம். கலங்கள் சுரக்கும் சைற்றோகைன் எனும் சிறு புரதங்களைப் பெற்று இவை வாழ்கின்றன. சைற்றோகைன்களைச் சுரந்து பிற கலங்களை அடக்குகின்றன.

கண்டுபிடிப்பு

சிடி25 எனும் புரதத்தைத் தாங்கிய ரி கலங்களை நீக்கினால் சுண்டெலிகளில் தன்னுடல் தாக்கு நோய்கள் தோன்றுவதை 1995 இல் ஷிமொன் சக்காகுச்சி காட்டினார். 2001 இல் மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகியோர் இக்கலங்களின் உருவாக்கத்தைக் கட்டுப்படுத்தும் பொக்ஸ்பி3 பரம்பரையலகை அடையாளம் கண்டனர். மூவருக்கும் 2025 இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

சமிக்ஞைப் பாதைகள்

சிடி25 என்பது இன்ரர்லியூக்கின்-2 வாங்கியின் ஒரு பகுதி. இச்சைற்றோகைன் வாங்கியில் இணைந்ததும் ஜாக்1, ஜாக்3 நொதியங்கள் ஸ்டாட்5 புரதத்தைத் தூண்டுகின்றன. அது பொக்ஸ்பி3 வெளிப்பாட்டை நிலைநிறுத்துகிறது. ஆனால் பொக்ஸ்பி3, இன்ரர்லியூக்கின்-2 உற்பத்தியைத் தடுப்பதால், இக்கலங்கள் அதனைத் தாமே சுரப்பதில்லை; தாம் அடக்கவேண்டிய தாக்கு கலங்களிடமிருந்தே பெறுகின்றன. தாக்குதல் வலுக்கும்போது கட்டுப்பாடும் வலுப்பது இதனால்தான். இன்ரர்லியூக்கின்-2 அற்ற சுண்டெலிகள் தன்னுடல் தாக்கு நோய்க்கு ஆளாகின்றன.

ரிஜிஎப்-பீற்றா சாதாரண ரி கலத்தையும் ஒழுங்குபடுத்தும் கலமாக மாற்றக்கூடியது. அதனுடன் இன்ரர்லியூக்கின்-6 சேர்ந்தால், அதே கலம் அழற்சியைத் தூண்டும் ரிஎச்17 கலமாகிறது. அடக்குதலுக்காக ஒழுங்குபடுத்தும் கலங்கள் வெளிவிடுபவை இன்ரர்லியூக்கின்-10, இன்ரர்லியூக்கின்-35, ரிஜிஎப்-பீற்றா ஆகியன.

தொற்றுநோயில் பங்கு

இக்கட்டுப்பாட்டை ஒட்டுண்ணிகளும் பயன்படுத்துகின்றன. 2002 இல் வெளியான ஆய்வொன்றில், லீஷ்மேனியா மேஜர் எனும் ஒட்டுண்ணி தொற்றிய சுண்டெலிகளில் புண் ஆறிய பின்னும் சில ஒட்டுண்ணிகள் எஞ்சியிருக்க இக்கலங்கள் இடமளித்தன. அதில் இன்ரர்லியூக்கின்-10 பங்கேற்றது. ஒட்டுண்ணி முற்றாக அழிந்த சுண்டெலிகளோ மறுதொற்றுக்கு எதிரான பாதுகாப்பை இழந்தன.

இலங்கையின் உலர் வலயத்தில் மணல் ஈக்கள் பரப்பும் தோல் லீஷ்மேனியாசிஸ் நோய்க்குக் காரணம் இதே பேரினத்தைச் சேர்ந்த லீஷ்மேனியா டொனவானி. இந்தியாவில் உள்ளுறுப்புகளைத் தாக்கி காலா அசார் நோயை உண்டாக்கும் இவ்வினம், இலங்கையில் பெரும்பாலும் தோற்புண்ணாகவே வெளிப்படுகிறது. காலா அசார் நோயாளரில் இன்ரர்லியூக்கின்-10 மிகுந்து காணப்படுகிறது.

மருத்துவப் பயன்

ஒழுங்குபடுத்தும் கலங்களின் வாங்கிக்கு இன்ரர்லியூக்கின்-2 மீது நாட்டம் மிகுதி என்பதால் குறைந்த அளவில் அது அவற்றையே முதன்மையாகப் பெருக்குகிறது. கொடையாளியிடமிருந்து மாற்றீடு செய்யப்பட்ட கலங்கள் நோயாளியின் உடலைத் தாக்கும் நாட்பட்ட நிலையில் இம்முறை பயனளித்ததை 2011 இல் வெளியான மருத்துவ ஆய்வு காட்டியது. உயர் அளவில் இதே மருந்து தாக்கு கலங்களைத் தூண்டுவதால், சிறுநீரகப் புற்றுநோய்க்கும் மெலனோமாவுக்கும் வழங்கப்பட்டு வந்துள்ளது.