தாய்வழிப் பெயரும் தந்தைவழி எழுத்தும்

1895 முதல் 1949 வரை கொச்சியை ஆண்ட மன்னர்கள் ஏழு பேர். நால்வர் ராமவர்மா, இருவர் கேரளவர்மா, ஒருவர் ரவிவர்மா. திருப்பூணித்துறையில் வாழ்ந்த இந்த அரச குடும்பத்து ஆண்களுக்கு இந்த மூன்று பெயர்களே தலைமுறை தலைமுறையாகச் சுழன்று வந்தன. மலைக்கு இந்தப் பக்கம், தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். இரண்டு ஊரிலும் பெயர் குடும்பத்தின் சொத்துதான். ஆனால் அந்தச் சொத்து யார் வழியாகக் கைமாறியது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

ஒரே பெயரில் பலர் இருந்தால் ஆளை எப்படி அடையாளம் காண்பது? கொச்சி மக்கள் இதற்கு வழி கண்டார்கள். 1914இல் பட்டத்துக்கு வந்த ராமவர்மா 1932இல் சென்னையில் காலமானார். அவர் 'மதிராசியில் தீப்பெட்ட தம்புரான்', அதாவது சென்னையில் காலமான மன்னர், ஆனார். அடுத்த ராமவர்மா 1941இல் சொவ்வரையில் இறந்ததால் 'சொவ்வரயில் தீப்பெட்ட தம்புரான்'. ஒன்றுபட்ட கேரளத்துக்குக் குரல் கொடுத்த கேரளவர்மா 'ஐக்கியகேரளம் தம்புரான்'. ஒருவரின் செயலோ, அவர் கண்மூடிய ஊரோதான் அவருக்கு உண்மையான பெயராக நின்றது. வீட்டுக்குள் செல்லப்பெயர்கள் உதவின. 'பாஸ்கரமேனோன்' நாவலை எழுதிய அப்பன் தம்புரானின் இயற்பெயரும் ராமவர்மாதான். கொடுங்ஙல்லூர் அரண்மனையில் பிறந்து மகாபாரதத்தை மலையாளத்தில் தந்த குஞ்ஞிக்குட்டன் தம்புரானும் இன்னொரு ராமவர்மாவே.

தமிழ் வீடுகளிலும் செல்லப்பெயருக்கு இதே வேலை இருந்தது. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பார்கள். அந்தப் பெயரையே தாங்கிய தன் மகனை அவள் 'ராசா', 'தம்பி', 'சாமி' என்றுதான் கூப்பிட்டாள். பள்ளியில் சேர்க்கும் நாளில்தான் பல பிள்ளைகளின் இயற்பெயர் ஊருக்குத் தெரியவரும். கொச்சியில் பெயர்கள் சுழன்றதுபோல், சோழர்களும் 'ராஜகேசரி', 'பரகேசரி' என்ற இரு பட்டங்களை மாற்றி மாற்றிச் சூடினார்கள். ராஜராஜன் ராஜகேசரி, அவர் மகன் ராஜேந்திரன் பரகேசரி. இங்கே தந்தைக்கு அடுத்து மகன். கொச்சியில் அப்படியில்லை.

கொச்சியில் பட்டம் மருமக்கத்தாயப்படி, அதாவது தாய்வழியில் போனது. ராமவர்மாவின் தந்தை பெரும்பாலும் ஒரு நம்பூதிரி. அவர் பெயர் மகன் பெயரில் ஓரெழுத்தாகக்கூட வராது. அதேபோல் மன்னரின் மகனும் வர்மா ஆகமாட்டான். சென்னையில் மறைந்த அந்த மன்னரின் துணைவி பாருக்குட்டி நேத்தியாரம்மா, திருச்சூர் வடக்கே குறுப்பத்து வீட்டுப் பெண். அவர் மகன்கள் தாய்வீட்டின் பெயரையே முன்னெழுத்தாகக் கொண்ட மேனோன்கள். மலையாள எழுத்தாளர் எம்.டி. வாசுதேவன் நாயரின் முன்னெழுத்துகள் குறிக்கும் 'மாடத்து தெக்கேப்பாட்டு' என்பதும் தாய்வழித் தறவாட்டின், அதாவது கூட்டுக்குடும்ப வீட்டின், பெயரே.

நம் முன்னெழுத்து தந்தையைச் சொல்லும். காமராஜரின் 'கு' குமாரசாமி. கருணாநிதியின் 'மு' முத்துவேல். ஐஸ்லாந்திலும் பெரும்பாலோர்க்குக் குடும்பப்பெயர் கிடையாது; தந்தை பெயரோடு மகன், மகள் என்ற விகுதி சேரும். ஒரு தலைமுறையோடு அந்தப் பெயர் மாறிவிடும், நம் முன்னெழுத்தைப் போலவே. கொச்சியின் வீட்டுப்பெயர் நூற்றாண்டுகள் நிலைக்கும். நம் முன்னெழுத்து ஒரே தலைமுறையை நினைவில் வைக்கும்.

பெயரின் வாலிலும் வேறுபாடு உண்டு. 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, சாதிப்பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் அது பெருமளவு வேர்விட்டது. கேரளத்தில் வர்மா, மேனோன், நாயர் இன்றும் பெயரோடு புழங்குகின்றன. இந்த விஷயத்தில் தமிழ்வழியே மேலானது என்பேன். பெயரைக் கேட்டவுடன் ஒருவரின் படிநிலையை அளக்கும் பழக்கத்துக்கு அது கதவடைத்தது.

ஆனால் இன்னொரு விஷயத்தில் நாம் கொச்சியைப் பார்க்க வேண்டும். கேரளத்தின் கூட்டுக்குடும்பச் சொத்துமுறை 1975ஆம் ஆண்டுச் சட்டத்தால் முடிவுக்கு வந்தது. ஆனாலும் தாய்வீட்டைப் பெயரில் தாங்குவது இழுக்கு என்று அங்கே யாரும் நினைக்கவில்லை. நம்மிடமோ தாயின் எழுத்தைப் போட்டால் "அப்பா இல்லையா?" என்ற கேள்வி வருகிறது. நம் நாட்டின் பெரும் குரலுக்கு உரியவர் எம்.எஸ். சுப்புலட்சுமி. அந்த 'எம்' மதுரை. 'எஸ்' அவர் தாய், வீணைக் கலைஞர் சண்முகவடிவு. அந்த எழுத்தால் அவர் புகழ் இம்மியும் குறையவில்லை.

தாய்வழிப் பெயர் தந்தையை மறைத்தது. தந்தைவழி எழுத்து தாயை மறைத்தது. இரண்டும் பாதி வரலாறுதான். உங்கள் வீட்டில் அடுத்து ஒரு பிள்ளைக்குப் பெயர் பதியும்போது, தந்தையின் எழுத்துக்கு முன்னால் தாயின் எழுத்தையும் சேர்த்து எழுதுங்கள்.