குரோஸ்னி என்ற அடைமொழி

ரஷ்ய மன்னன் நான்காம் இவானை ‘பயங்கர இவான்’ என்றே பாடப்புத்தகங்களில் படித்தோம். ஆங்கிலத்தின் வழியே வந்த பெயர் அது. ரஷ்யர்களுக்கு அவன் ‘இவான் குரோஸ்னி’. ‘குரோஸா’ என்றால் இடி மின்னலோடு வரும் மழைப்புயல். அச்சுறுத்தல் என்றும் பொருள் உண்டு. அதிலிருந்து பிறந்த குரோஸ்னியில் அன்று வசை இல்லை. பகைவரை நடுங்க வைப்பவன் என்ற புகழ்ச்சிதான் இருந்தது. 1818இல் செச்சென் மண்ணில் ரஷ்யப் படை எழுப்பிய கோட்டைக்கு ‘குரோஸ்னயா’ என்று பெயர் வைத்தார்கள். இன்றைய குரோஸ்னி நகரம் அங்கே வளர்ந்ததுதான். தாங்கள் கட்டிய கோட்டைக்கு வசைச்சொல்லையா பெயராக வைப்பார்கள்?

தமிழில் இணை தேடினால், சங்கப் புலவர்கள் மன்னர்களுக்குச் சூட்டிய ‘உருகெழு’ என்பதே குரோஸ்னிக்கு மிக நெருங்கி வருகிறது. ‘உரு’ என்பதற்கு உட்கு, அதாவது அச்சம், என்று தொல்காப்பியம் பொருள் சொல்கிறது. ‘கொடுங்கோலன்’ அப்படியல்ல. கோல் வளைந்துவிட்டது என்ற தீர்ப்பு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. குரோஸ்னியில் அந்தத் தீர்ப்பு இல்லை. அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு அந்தச் சொல் இனிப்பது அதனால்தான்.

1565இல் இவான் நாட்டின் ஒரு பகுதியைத் தனக்கென்று பிரித்துக்கொண்டு அதற்கு ‘ஒப்ரீச்னினா’ என்று பெயரிட்டான். ‘ஒப்ரிச்’ என்றால் ‘நீங்கலாக’. கணவனை இழந்தவளுக்கு ஒதுக்கும் நிலத்துக்கு வழங்கிய சொல் அது. அந்தப் பெயரைத் தாங்கிய கறுப்புடைப் படைதான் 1570இல் நோவ்கொரோது நகரில் கொன்று குவித்தது.

இந்த இவானைப் பற்றிப் படமெடுக்கும் பணி 1941இல் இயக்குநர் ஐசன்ஸ்டீனிடம் வந்தது. முதல் பாகத்துக்கு ஸ்டாலின் பரிசு. இரண்டாம் பாகத்துக்கு 1946இல் தடை. 1947 பிப்ரவரியில் ஐசன்ஸ்டீனும் இவானாக நடித்த செர்காசோவும் கிரெம்ளினுக்கு அழைக்கப்பட்டார்கள். எதிரே ஸ்டாலினும் அவருடைய சகாக்களான மொலோதவ், ஸ்தானவ் இருவரும். இவானின் தாடி பற்றிக்கூடக் குறை சொன்னார்கள். ஸ்டாலினின் குறை வேறு: இந்த இவான் ஹாம்லெட்டைப் போலத் தயங்குகிறான், அவன் படையினர் கு கிளக்ஸ் கிளான் கும்பலைப் போல இருக்கிறார்கள். கொடுமையைக் காட்டலாம், அது ஏன் தேவைப்பட்டது என்பதையும் காட்ட வேண்டும் என்றார். ஐந்து பெருங்குடும்பங்களை அடியோடு ஒழிக்காமல் விட்டது இவானின் பிழை என்றும் சொன்னார்.

அவருக்குப் படம் புரியவில்லை என்று எனக்குத் தோன்றவில்லை. நன்றாகவே புரிந்திருக்கிறது. அடைமொழியில் இல்லாத தீர்ப்பை ஐசன்ஸ்டீன் திரையில் எழுதியிருந்தார். அதைத்தான் அழிக்கச் சொன்னார்கள். அடுத்த ஆண்டே ஐசன்ஸ்டீன் மாரடைப்பில் இறந்தார். ஸ்டாலின் மறைந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, 1958இல்தான் இரண்டாம் பாகம் வெளிவந்தது.

1862இல் ஜார் ஆட்சியே நோவ்கொரோதில் ரஷ்யாவின் ஆயிரமாண்டு நினைவுச்சின்னத்தை எழுப்பியபோது, நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்களுக்கு நடுவே இவானுக்கு இடம் தரவில்லை. 2016 அக்டோபரில் ரஷ்யாவின் ஒரியோல் நகரம் சிலை வைத்து இடம் தந்தது: குதிரைமேல், கையில் சிலுவையும் வாளுமாக.