உண்ண மறுக்கும் பூனையும் பொஸ்ரன் வைத்தியர்களும்

பூனைகளுக்கு ஏற்படும் தைரொயிட் மிகைச்சுரப்பு நோயின் எழுதப்பட்ட வரலாறு மிகக் குறுகியது. 1979ஆம் ஆண்டில் நியூயோர்க்கிலுள்ள மிருக வைத்திய நிலையமொன்றைச் சேர்ந்த மார்க் பீற்றர்சன் குழுவினர் அதனை முதலில் அறிவித்தனர். மறு ஆண்டில், பொஸ்ரன் நகர மிருக வைத்தியர் ஜீன் ஹோல்ஸ்வேர்த்தும் சக வைத்தியர்களும் பத்துப் பூனைகளின் நோய் விபரங்களை வெளியிட்டனர். இன்று மேலை நாடுகளில் முதிய பூனைகளை மிக அதிகமாகப் பீடிக்கும் ஓமோன் நோய்களுள் இதுவும் ஒன்று.

அக்கால அறிக்கைகள் தீட்டிய சித்திரம் தெளிவானது. கழுத்திலுள்ள சுரப்பி பெருத்து, தேவைக்கு மேல் ஓமோனைச் சுரக்கிறது. உடல் தன்னைத்தானே எரிக்கத் தொடங்குகிறது. பூனை ஓயாது உண்கிறது, ஆயினும் மெலிகிறது. இச்சித்திரம் பொய்யன்று, ஆனால் முழுமையானதும் அன்று. இந்நோயுற்ற பூனைகளுள் ஒரு சிறு பகுதி உணவை வெறுத்து, சோர்ந்து, ஒரு மூலையில் ஒடுங்கிவிடுகிறது. உண்ணாத பூனைக்கு இந்த நோய் இராது என்று எண்ணுபவர்கள் ஏமாந்துபோவது இங்கேதான்.

மனித மருத்துவம் இந்தப் பாடத்தை முன்னரே கற்றிருந்தது. அதே பொஸ்ரன் நகரில் சத்திரசிகிச்சை நிபுணர் பிராங்க் லாஹி, 1931ஆம் ஆண்டில், படபடப்பின்றி மந்தமாகக் காணப்படும் தைரொயிட் நோயாளர்களைப் பற்றி எழுதினார். நோயின் ஆரவாரம் வெளியே தெரியாததால் அவர்களே அதிக ஆபத்தில் இருந்தனர். மந்தமுற்ற பூனைகளின் நிலையும் இதுவே. அவற்றில் பலவற்றுக்கு இதய நோயோ சிறுநீரக நோயோ கூடவே இருப்பதுண்டு.

சிகிச்சையின் வரலாறும் பொஸ்ரனையே சுற்றுகிறது. 1941இல் சோல் ஹேர்ட்ஸ் என்னும் வைத்தியர் அங்கு கதிர்த்தொழிற்பாட்டு அயடீனை முதன்முறையாக நோயாளருக்குக் கொடுத்தார். 1943இல் எட்வின் அஸ்ட்வூட், சுரப்பியின் தொழிற்பாட்டை அடக்கும் மருந்துகளைக் கொண்டு நோயாளருக்குச் சிகிச்சையளித்த முடிவுகளை வெளியிட்டார். அவ்வழியில் வந்ததே மெதிமசோல். இவ்விரு வழிகளும் பிற்காலத்தில் பூனைகளுக்கும் பயன்பட்டன. அயடீன் ஊசி ஒன்றே பெரும்பாலான பூனைகளைக் குணப்படுத்துகிறது. எனினும் அச்சிகிச்சை சில நிலையங்களில் மாத்திரமே உண்டு. முறை வரும்வரை காத்திருக்க வேண்டும்.

சிக்கல் எழுவது இந்தக் காத்திருப்பில்தான். அதுவரை நோயைக் கட்டுப்படுத்தக் கொடுக்கும் மெதிமசோலே சில பூனைகளில் வாந்தியையும் பசியின்மையையும் உண்டாக்குகிறது. ஆகவே பூனை உண்ண மறுப்பது நோயினாலா, மருந்தினாலா, மறைந்திருக்கும் வேறொரு நோயினாலா என்பதை வீட்டிலிருந்து ஊகிக்க முடியாது. பூனையின் உடலமைப்போ பட்டினியைத் தாங்குவதன்று. சில நாட்கள் உண்ணாதிருந்தால் உடற்கொழுப்பு ஈரலில் சென்று படிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அயடீன் சிகிச்சையின் பின்னர் பூனையைத் தனிமையில் வைக்க வேண்டும். கதிர்வீச்சுக் காரணமாக எவரும் நெடுநேரம் அருகிருந்து ஊட்ட இயலாது. உண்ணும் நிலையில் பூனையை அனுப்புவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

வழிகள் இல்லாமலில்லை. மெதிமசோலைக் காதின் உட்புறத்தில் பூசும் வடிவில் கொடுத்தால் வயிற்றுத் தொல்லை குறையக்கூடும். மனிதரின் மனச்சோர்வுக்கென வந்த மேர்ட்டசப்பீன், எடை குறைந்த பூனைகளுக்கான காதுக் களிம்பாக 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எது பொருந்தும் என்பதை மிருக வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

ஆகவே, சிகிச்சைத் திகதி குறிக்கப்பட்டுவிட்டதே என்று வாளாவிருக்கலாகாது. ஒரு முழுநாள் உணவு தொடப்படாவிடின் அன்றே மிருக வைத்தியருக்கு அறிவித்தல் நன்று. 1931இல் லாஹி எச்சரித்தது மனிதரைப் பற்றியே. ஆயினும் அமைதியாயிருக்கும் நோயாளி நலமாயிருப்பதாகக் கொள்ளலாகாது என்னும் அப்பாடம் பூனைக்கும் பொருந்தும்.