வீடும் உதயசூரியனும்: மட்டக்களப்பில் ஒரே கட்சிக்குள் நடந்த தேர்தல்கள்

2024 நவம்பர் 14ஆம் திகதி நடந்த பாராளுமன்றத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி இலங்கையின் 22 தேர்தல் மாவட்டங்களில் 21ஐ வென்றது. யாழ்ப்பாணமும் வன்னியும் திருகோணமலையும் அதன் பக்கம் சாய்ந்தன. சாயாமல் நின்றது மட்டக்களப்பு ஒன்றுதான். இங்கே தமிழரசுக் கட்சி 96,975 வாக்குகள் பெற்று 5 ஆசனங்களில் 3ஐ எடுத்தது.

அதே வருசம் ஜனவரியில் அந்தக் கட்சி தலைமைப் போட்டியில் இரண்டுபட்டு நீதிமன்றம்வரை போயிருந்தது. அப்படிப்பட்ட கட்சி நவம்பரில் மட்டக்களப்பில் எப்படி நிமிர்ந்தது என்று வெளியூர் நண்பர்கள் கேட்கிறார்கள். நான் ஆரையம்பதிக்காரன். சைக்கிள் திருத்தும் கடை வைத்துப் பிழைத்தவன், 1977 முதல் இந்தக் கட்சிக்காகக் கதவு தட்டியவன். இந்த வாவிக்கரையில் கட்சிக்குள் நடக்கும் போட்டி புதியதல்ல. அதனால் வந்த நட்டத்தையும் நாங்கள் நன்றாக அறிவோம்.

அமெரிக்காவில் கட்சியின் வேட்பாளர் யார் என்பதற்கே முதலில் ஒரு தேர்தல் வைக்கிறார்கள். எங்கள் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. ஆனால் எங்கள் தேர்தல் முறையே ஒரு கட்சிக்காரரை இன்னொரு கட்சிக்காரரோடு மோத விடுகிறது. முதலில் அதைச் செய்தது இரட்டை அங்கத்தவர் தொகுதி. 1960 மார்ச் தேர்தலிலிருந்து மட்டக்களப்புத் தொகுதிக்கு இரண்டு உறுப்பினர்கள். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் இடம் இது. எங்கள் ஆரையம்பதி முடியும் இடத்தில் காத்தான்குடி தொடங்குகிறது. இரு சமூகத்துக்கும் ஆளுக்கொரு குரல் கிடைக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு வந்த ஏற்பாடு அது. வாக்காளருக்கு இரண்டு வாக்கு. இருவருக்கும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போடலாம், இரண்டையும் ஒருவருக்கே போடவும் செய்யலாம்.

1956 முதல் இந்தத் தொகுதியின் தமிழரசு முகம் செ. இராசதுரை. ‘சொல்லின் செல்வர்’ என்று பெயர் எடுத்தவர். அவர் பேசுகிறார் என்றால் வயல் வேலையை விட்டு வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். 1976இல் தனித் தமிழீழம் கோரிய வட்டுக்கோட்டைத் தீர்மானம் வந்தது. 1977 ஏப்ரலில் கட்சியைத் தொடங்கிய தந்தை செல்வா காலமானார். ஜூலை 21ஆம் திகதி தேர்தல். தமிழரசுக் கட்சியும் சேர்ந்திருந்த தமிழர் விடுதலைக் கூட்டணி மட்டக்களப்பில் இரண்டு பேரை இறக்கியது. இராசதுரை உதயசூரியன் சின்னத்தில் நின்றார். உணர்ச்சிக் கவிஞர் காசி ஆனந்தன் தமிழரசுக் கட்சியின் பழைய வீட்டுச் சின்னத்தில் நின்றார். ஒரே முன்னணி, ஒரே கொள்கை, இரண்டு சின்னம்.

மேடையில் சொன்னது, ‘சூரியனுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று.’ ஒழுங்கையில் நடந்தது வேறு. சிறை இருந்து வந்த கவிஞர் என்று எங்கள் வயதுப் பொடியன்கள் வீட்டின் பக்கம் நின்றோம். இராசதுரையின் பழைய ஆட்கள் சூரியனின் பக்கம். கோதுமை மாப் பசை காய்ச்சி இரவில் நாங்கள் ஒட்டிய நோட்டீசின் மேல் விடியுமுன் அவர்களுடைய நோட்டீஸ் ஏறியிருக்கும். அடுத்த இரவு நாங்கள் அதன் மேல் ஒட்டுவோம். ஒரு வீட்டுக்கு இரண்டு தரப்பும் தனித்தனியாகப் போனோம். திண்ணையில் இருந்த ஆச்சி கேட்டாள்: “மனே, காலையில வந்தவன் ரெண்டு புள்ளடியும் சூரியனுக்கு எண்டான். நீ ரெண்டும் வீட்டுக்கு எண்டுறாய். நீங்க ஒரு கட்சிதானே?” அந்தக் கேள்விக்கு எங்களில் யாரிடமும் மறுமொழி இருக்கவில்லை.

முடிவு வந்தபோது இராசதுரை முதலாவது உறுப்பினர். இரண்டாவது உறுப்பினர் ஐக்கிய தேசியக் கட்சியின் பரீத் மீராலெப்பை. காசி ஆனந்தன் மூன்றாவதாக வந்து தோற்றார். முஸ்லிம் வாக்காளர் தங்கள் பிரதிநிதியைத் தெரிவு செய்ததில் ஒரு பிழையும் இல்லை, தொகுதி உருவானதே அதற்காகத்தான். பிழை எங்கள் முன்னணியின் கணக்கில் இருந்தது. அதைவிடப் பெரிய பிழை தேர்தல் முடிந்த பிறகு நடந்தது. இரு தரப்பையும் ஒரு பாயில் இருத்திப் பேச யாரும் வரவில்லை. தன்னை வீழ்த்தவே தலைமை இன்னொருவரை நிறுத்தியது என்ற மனக்குறை வென்றவருக்கு. கூட இருந்தவர்களே கவிழ்த்தார்கள் என்ற கோபம் தோற்றவரின் ஆட்களுக்கு. கலியாண வீட்டில்கூட இரு தரப்பும் வேறு வேறு பந்தியில் இருந்தன.

1979 மார்ச்சில் இராசதுரை ஐக்கிய தேசியக் கட்சியில் சேர்ந்து பிரதேச அபிவிருத்தி அமைச்சரானார். அதற்கு வழிவிட்ட அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம் அந்த வருசம் பெப்ரவரியில்தான் நிறைவேறியிருந்தது. கூட்டணி வென்ற மட்டக்களப்பு ஆசனம் இரண்டு வருசத்துக்குள் கைநழுவியது. அவரைத் துரோகி என்று பேசியவர்கள் உண்டு. அவரை ஒதுக்கியவர்கள்மீது குற்றம் சொன்னவர்களும் உண்டு. நான் இன்று பார்ப்பது ஒன்றைத்தான்: 1977 ஜூலைக்கும் 1979 மார்ச்சுக்கும் இடையில் சமாதானம் பேசப் போதுமான காலம் இருந்தது.

பிறகு விகிதாசார முறை வந்தது. தொகுதி போய் மாவட்டமே ஒரு களமாயிற்று. 5 ஆசனத்துக்கு ஒரு கட்சி 8 பேரை நிறுத்தும். வாக்காளர் கட்சிக்குப் புள்ளடி போட்டபின் அதே பட்டியலில் மூன்று பேர்வரை விருப்பு இலக்கம் இடலாம். 1977இல் இரண்டு பேருக்குள் இருந்த போட்டி இப்போது எட்டுப் பேருக்குள். 1989 பெப்ரவரி 15ஆம் திகதி இந்த முறையில் நடந்த முதல் பாராளுமன்றத் தேர்தலில் அ. அமிர்தலிங்கமே மட்டக்களப்பில் வந்து நின்றார். எதிர்க்கட்சித் தலைவராக இருந்தவர். உதயசூரியன் பட்டியல் 3 ஆசனம் எடுத்தது, ஆனால் விருப்பு வாக்கில் அவர் தெரிவாகவில்லை. தேசியப் பட்டியலில்தான் பாராளுமன்றம் போனார். 2004இல் ஜோசப் பரராஜசிங்கத்துக்கும் அதுவே நடந்தது. நீண்டகால உறுப்பினரான அவர் விருப்பு வாக்கில் தோற்றுத் தேசியப் பட்டியலில் போனார். 2005 நத்தார் ஆராதனையின்போது மட்டக்களப்பு மரியாள் பேராலயத்தில் வைத்து அவரைச் சுட்டுக் கொன்றார்கள். துப்பாக்கிகள் முடிவு சொன்ன காலத்தில் கட்சிக்குள் யார் வென்றார், யார் தோற்றார் என்ற பேச்சுக்கே பொருள் குறைவு.

மாவட்டம் களமானபின் வாவியைக் கடக்காமல் பிரசாரம் இல்லை. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்தில் வாவி எங்கள் மண்ணை எழுவான்கரை, படுவான்கரை என்று இரண்டாக்குகிறது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை நாங்கள் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போனது ‘பாதை’ என்று சொல்லும் மிதவைப் படகில்தான். சைக்கிளையும் நோட்டீஸ் கட்டையும் ஒலிபெருக்கியையும் பாதையில் ஏற்றி அக்கரை சேர வேண்டும். குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கும் குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கும் அதுவே கதை. எட்டு வேட்பாளருக்கும் எட்டுக் கூட்டம் ஆட்கள் ஒரே பாதையில் நிற்பார்கள். கரை சேருமுன் பேசி ஊர்களைப் பங்கிட்டுக்கொண்டால் நல்லது. பங்கிடாவிட்டால் ஒரே கோயில் வீதியில் ஒரே கட்சியின் இரண்டு பொக்கற் கூட்டம் ஒரே நேரத்தில் நடக்கும். கோயில் வண்ணக்கர் இரண்டையும் பார்த்துவிட்டு ஒன்றுக்கும் வரமாட்டார்.

2015இல் இங்கே 127,185 வாக்கும் 3 ஆசனமும் பெற்ற வீட்டுச் சின்னம், 2020இல் 79,460 வாக்குக்கும் 2 ஆசனத்துக்கும் இறங்கியது. 2015இல் வீட்டுச் சின்னத்தில் வென்ற ச. வியாழேந்திரன் 2018இல் மறுபக்கம் போய்ப் பிரதி அமைச்சரானார், 2020இல் மொட்டுச் சின்னத்தில் வென்றார். மற்ற இருவரான ஞா. சிறிநேசனும் சீ. யோகேஸ்வரனும் தோற்றார்கள். புதியவர் இரா. சாணக்கியன் வென்றார்.

2024 ஜனவரி 21ஆம் திகதி திருகோணமலையில் தமிழரசுக் கட்சி தன் தலைவரை வாக்கெடுத்துத் தெரிவு செய்தது. 1949இல் தொடங்கிய கட்சியில் தலைமைக்கு அப்படி வாக்கெடுத்தது அதுவே முதல் தடவை. சி. சிறிதரனுக்கு 184, எம்.ஏ. சுமந்திரனுக்கு 137. பெயர் கொடுத்திருந்த யோகேஸ்வரன் வாக்கெடுப்புக்குமுன் விலகிக்கொண்டார். அடுத்த வாரமே பொதுச் செயலாளர் பதவியில் பிணக்கு வந்தது. சிறிநேசனின் பெயர் அதில் அடிபட்டது. மாநாடு தள்ளிப்போனது, வழக்கு வந்தது, தெரிவான தலைவர் பதவியேற்கவே இல்லை. செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் பிளவு வாசலுக்கே வந்தது. கட்சி சஜித் பிரேமதாசவை ஆதரித்தது. எங்கள் மாவட்டத்துப் பழைய தமிழரசு உறுப்பினர் பா. அரியநேத்திரன் சங்குச் சின்னத்தில் பொது வேட்பாளராக நின்று நாடு முழுவதும் 226,343 வாக்கு எடுத்தார்.

நவம்பருக்குள் எங்கள் கிளைகளில் 1977ஐக் கண்ட தலைமுறை இளையவர்களை இருத்திப் பேசியது. ஜனவரியில் சுமந்திரன் பக்கம் நின்ற சாணக்கியனும் மறுபக்கம் நின்ற சிறிநேசனும் ஒரே பட்டியலில் இருந்தார்கள். எங்கள் ஊரில் நாங்கள் வைத்த ஒழுங்கு சாதாரணமானது: கதவு தட்டும்போது முதலில் வீடு, பிறகுதான் இலக்கம், நம் பட்டியலில் உள்ள ஒருவரைப் பற்றியும் குறை பேசக் கூடாது, மூன்று விருப்பையும் நம் பட்டியலுக்குள்ளேயே பாவிக்கச் சொல்ல வேண்டும். சாணக்கியன் 65,458 விருப்பு வாக்கு எடுத்தார். சிறிநேசன் 22,773, இ. சிறிநாத் 21,202. நான்கு வருசம் முன் தோற்ற சிறிநேசன் கட்சியை விட்டுப் போகாமல் நின்றதால் மறுபடி உள்ளே போனார். யாழ்ப்பாணத்தில் அதே சின்னம் ஒரு ஆசனத்தோடு நின்றது, சுமந்திரன் தோற்றார்.

அமெரிக்காவில் 2008இல் கட்சிக்குள் ஒபாமாவிடம் தோற்ற ஹிலாரி கிளின்ரன் அவருக்காக ஊர் ஊராக வாக்குக் கேட்டார். பின்னர் அவருடைய அரசில் வெளியுறவு அமைச்சராக இருந்தார். தோற்றவருக்கு ஒரு வேலையும் மரியாதையும் இருந்தால்தான் அவருடைய ஆட்கள் வென்றவருக்காக வெயிலில் நடப்பார்கள். 1977இல் அதை யாரும் கொடுக்கவில்லை. 2024இல் மட்டக்களப்பில் பட்டியலில் ஓர் இடமாவது கொடுக்கப்பட்டது.

அதனால் தலைமைக்கு நான் சொல்வது இதுதான். ஒற்றுமை என்று அறிக்கை விட்டால் போதாது. கட்சிக்குள் வாக்கெடுத்தால் அந்த முடிவை நடைமுறைப்படுத்துங்கள். 184 பேர் ஒரு பக்கமும் 137 பேர் ஒரு பக்கமும் நின்றால் அந்த 137 பேருக்கும் கட்சியில் என்ன பொறுப்பு என்பதை அடுத்த நாளே சொல்லுங்கள். நீதிமன்றத்தில் வெல்லும் தரப்பு எதுவாக இருந்தாலும், கதவு தட்டப் போவது இரு தரப்புக் கிளைகளும்தான். அந்தக் கிளைகளைக் கேட்காமல் இனி ஒரு வேட்பாளரையும் தீர்மானிக்காதீர்கள்.