மைனஸ் அடுக்குன்னா என்ன? தொப்பூர் கணவாயை வைத்தே பிள்ளைகளுக்குப் புரிய வைக்கலாம்!

ஸ்ரீநகரில் தொடங்கி கன்னியாகுமரி வரை வரும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலையில், தருமபுரியைத் தாண்டி சேலம் நோக்கி இறங்கும் இடம்தான் தொப்பூர் கணவாய். வளைவும் இறக்கமும் சேர்ந்த இந்தச் சாலை அடிக்கடி செய்தியில் வருவதற்குக் காரணம் விபத்துகள். சரக்கு லாரி கட்டுப்பாட்டை இழந்து, முன்னால் போகும் வாகனங்கள் மீது வரிசையாக மோதும் சம்பவங்கள் இங்கே பலமுறை நடந்திருக்கின்றன.

'மெதுவா போங்க' என்று எச்சரிக்கைப் பலகை சொல்கிறது. எவ்வளவு மெதுவாகப் போனால் எவ்வளவு பாதுகாப்பு? அதற்கான பதில் 8-ம் வகுப்பு கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. விகிதமுறு எண்களும் அடுக்குகளும் வரும் பகுதி அது. பல பிள்ளைகள் 'புரியல' என்று ஒதுக்கிவைக்கும் பாடமும் அதுவே. வாங்க, எளிமையா பார்ப்போம்.

முதலில், எது அடுக்கு? எது விகிதமுறு எண்?

ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பப் பெருக்குவதைச் சுருக்கி எழுதும் முறைதான் அடுக்கு. 2 × 2 × 2 என்பதை 2³ என்று எழுதுகிறோம். இதில் 2 அடிமானம், மேலே சின்னதாக உள்ள 3 அடுக்கு.

2/3, −5/7, 4 மாதிரி, பின்னமாக எழுத முடிகிற எண்கள் எல்லாம் விகிதமுறு எண்கள். பின்னத்தின் கீழே மட்டும் பூஜ்ஜியம் வரக்கூடாது.

இப்போது அடிமானமாக ஒரு பின்னத்தை வைத்தால்? (2/3)² = 2/3 × 2/3 = 4/9. மேலே உள்ள எண்ணுக்கும் கீழே உள்ள எண்ணுக்கும் அடுக்கு சேர்ந்தே போகும். அவ்வளவுதான் விதி.

தொப்பூர் இறக்கத்தில் இந்தக் கணக்கு எங்கே வருது?

ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல், வேகத்தின் இரண்டாம் அடுக்கைப் பொறுத்தது. அதனால் பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்பதற்குள் ஓடும் தூரமும் வேகத்தின் இரண்டாம் அடுக்கிலேயே கூடும், குறையும். பிரேக்கின் பிடிப்பு மாறாமல் இருந்தால் சமதளத்திலும் சரி, ஒரே சீரான இறக்கத்திலும் சரி, இந்த விகிதம் மாறாது. இறக்கத்தில் அடிப்படைத் தூரமே அதிகம் என்பதுதான் வித்தியாசம்.

உதாரணத்துக்கு, 60 கி.மீ. வேகத்தில் வரும் ஒரு லாரி பிரேக் பிடித்த பின் 45 மீட்டர் ஓடி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

• 80 கி.மீ. வேகம் என்றால்: வேகம் 4/3 மடங்கு. தூரம் (4/3)² = 16/9 மடங்கு. அதாவது 80 மீட்டர்.
• 40 கி.மீ. வேகம் என்றால்: வேகம் 2/3 மடங்கு. தூரம் (2/3)² = 4/9 மடங்கு. அதாவது 20 மீட்டர்.
• 30 கி.மீ. வேகம் என்றால்: வேகம் பாதி. தூரம் (1/2)² = 1/4 மடங்கு. அதாவது 11.25 மீட்டர்.

60-லிருந்து 40-க்கு வேகத்தில் குறைந்தது மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் பிரேக் தூரம் பாதிக்கும் கீழே போய்விட்டது. ஒன்றைவிடச் சின்ன பின்னத்துக்கு அடுக்கு ஏற ஏற மதிப்பு குறையும் என்று புத்தகம் சொல்வது இதைத்தான். ஒன்றைவிடப் பெரிய பின்னம் என்றால் நேர் எதிர். அடுக்கு ஏற ஏற மதிப்பும் வளரும்.

சரி, மைனஸ் அடுக்கு எதுக்கு?

'2-ஐ மூணு தடவை பெருக்கலாம். மைனஸ் மூணு தடவை எப்படிப் பெருக்குறது?' நியாயமான கேள்விதான். இதற்கு ஒரு படிக்கட்டு போட்டுப் பார்த்தால் போதும். 40-லிருந்து 60-க்குப் போனால் வேகம் 3/2 மடங்கு. அதை அடிமானமாக எடுத்துக்கொள்வோம்.

(3/2)² = 9/4
(3/2)¹ = 3/2
(3/2)⁰ = 1
(3/2)⁻¹ = 2/3
(3/2)⁻² = 4/9

அடுக்கு ஒன்று குறையும் ஒவ்வொரு முறையும், மேலே உள்ள மதிப்பை 3/2 ஆல் வகுக்கிறோம். வேறு எதுவும் செய்யவில்லை. 3/2-ஐ 3/2 ஆல் வகுத்தால் 1. அதனால்தான் பூஜ்ஜிய அடுக்கின் மதிப்பு 1. இன்னொரு முறை வகுத்தால் 2/3. இதுதான் மைனஸ் ஒன்று அடுக்கு.

ஆக, அடுக்கில் மைனஸ் வந்தால் பின்னத்தைத் தலைகீழாகப் போட வேண்டும். மதிப்பு மைனஸ் ஆகாது. 40-லிருந்து 60-க்கு ஏறினால் பிரேக் தூரம் (3/2)² மடங்கு. திரும்ப 60-லிருந்து 40-க்கு இறங்கினால் (3/2)⁻² மடங்கு. ஏறிய அதே படியில் இறங்கி வருவதுதான் மைனஸ் அடுக்கு.

ஒரே பயணத்தில் நான்கு அடுக்குகள்!

தொப்பூர் இறக்கத்தில் வரும் ஒரு டிரைவரை எடுத்துக்கொண்டால், வேகத்தின் நான்கு அடுக்குகளை ஒரே இடத்தில் பார்க்கலாம்.

1. ஆபத்தைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்க ஆகும் நேரம்: வேகம் எதுவானாலும் ஏறக்குறைய மாறாது. இது பூஜ்ஜிய அடுக்கு.
2. அந்த நேரத்துக்குள் வண்டி ஓடிவிடும் தூரம்: வேகம் இரண்டு மடங்கானால் இதுவும் இரண்டு மடங்கு. இது முதல் அடுக்கு.
3. பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம்: இது இரண்டாம் அடுக்கு.
4. இறக்கத்தைக் கடக்க ஆகும் மொத்த நேரம்: வேகம் கூடினால் நேரம் குறையும். இது மைனஸ் ஒன்று அடுக்கு.

கடைசியாகச் சொன்னதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 6 கி.மீ. இறக்கம் என்று வைத்தால், 60 கி.மீ. வேகத்தில் 6 நிமிஷம் ஆகும். 40-க்குக் குறைத்தால் நேரம் (2/3)⁻¹ = 3/2 மடங்கு. அதாவது 9 நிமிஷம். கூடுதலாக ஆவது 3 நிமிஷம்தான். அதற்குப் பதிலாகப் பிரேக் தூரம் 45 மீட்டரிலிருந்து 20 மீட்டராகிறது.

இன்னொன்றையும் கவனிக்கணும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கினால், என்ஜினின் இழுப்பு கிடைக்காது. முழுப் பாரமும் பிரேக் மேலேயே விழும். தொடர்ந்து மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறி அதன் பிடிப்பு குறையும். அப்போது மேலே சொன்ன 45 மீட்டர் என்ற கணக்கே கூடிப்போகும். இறக்கத்தில் சின்ன கியரில் வரச் சொல்வது இதனால்தான்.

நம்ம தமிழ்க் கணக்கில் இது ஏற்கெனவே இருக்கு

அரை, கால், அரைக்கால், வீசம். இந்த வரிசையைப் பாருங்கள். அரை = 2⁻¹. கால் = 2⁻². அரைக்கால் (1/8) = 2⁻³. மாகாணி என்றும் சொல்லப்படும் வீசம் (1/16) = 2⁻⁴.

இதில் 'அரைக்கால்' என்ற பெயரே ஒரு விதியைச் சொல்லித் தருகிறது. காலில் அரை, அதாவது 2⁻¹ × 2⁻². அடுக்குகளைக் கூட்டினால் 2⁻³. ஒரே அடிமானத்தைப் பெருக்கும்போது அடுக்குகளைக் கூட்ட வேண்டும் என்ற விதி இதுதான்.

திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடியை வைத்து மனப்பாடம் செய்த 'முந்திரி' என்பது 1/320. அதை 2⁻⁶ × 5⁻¹ என்று எழுதலாம். அதைவிடச் சின்ன அளவான கீழ்முந்திரி, முந்திரியில் 320-ல் ஒரு பங்கு. அதாவது (1/320)² = 1/1,02,400.

1957 ஏப்ரல் 1-ம் தேதி நயா பைசா வருவதற்கு முன்பு, ஒரு ரூபாய்க்கு 16 அணா. அப்படியென்றால் காலணா என்பது ரூபாயில் 1/64. அதுவும் 2⁻⁶ தான். வீட்டில் தாத்தா, பாட்டி இருந்தால் கேட்டுப்பாருங்கள், சட்டென்று சொல்வார்கள்.

பிள்ளைகள் தடுமாறும் 5 இடங்கள்

• 2⁻³ = −8 அல்லது −6 என்று எழுதுவது. சரியான விடை 1/8.
• (2/3)² = 4/3 என்று மேலே மட்டும் அடுக்கைப் போடுவது. அடைப்புக்குறி இருந்தால் கீழேயும் போடணும். விடை 4/9.
• 5⁰ = 0 என்று எழுதுவது. விடை 1.
• (−1/2)² என்பதையும் −(1/2)² என்பதையும் ஒன்றாக நினைப்பது. முதலாவது 1/4, இரண்டாவது −1/4.
• (1/2)² + (1/2)³ என்பதில் அடுக்குகளைக் கூட்டி (1/2)⁵ என்று எழுதுவது. அடுக்கைக் கூட்டுவது பெருக்கலுக்கு மட்டும்தான். இங்கே விடை 1/4 + 1/8 = 3/8.

இதைப் படிச்சா என்ன லாபம்?

அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் 8-ம் வகுப்பு படிக்கும் மாணவர்கள் எழுதும் என்.எம்.எம்.எஸ். தேர்வில் கணக்குப் பகுதியும் உண்டு. தேர்வானவர்களுக்கு 9 முதல் 12-ம் வகுப்பு வரை ஆண்டுக்கு ரூ.12,000 உதவித்தொகை கிடைக்கும். நான்கு ஆண்டுகளுக்கு மொத்தம் ரூ.48,000. அடுக்குகளில் வரும் ஒரு மதிப்பெண் கேள்வியைக்கூட விட்டுவிடக் கூடாது என்று சொல்வது இதற்காகத்தான்.

மேல் வகுப்புகளில் அறிவியல் குறியீடு, மடக்கை, கூட்டுவட்டி, வேதியியல் கணக்குகள் எல்லாவற்றுக்கும் இதுவே அஸ்திவாரம். இங்கே ஓட்டை விழுந்தால் அங்கே கசியும்.

வீட்டில் எப்படிச் சொல்லிக்கொடுக்கலாம்?

ஒரு தாளை எடுத்துப் பாதியாக மடிக்கச் சொல்லுங்கள். ஒரு மடிப்புக்கு 2¹ அடுக்கு தாள். அதில் ஒவ்வொரு கட்டமும் மொத்தத் தாளில் 2⁻¹ பங்கு. மூன்று முறை மடித்தால் 2³ = 8 அடுக்கு, ஒவ்வொரு கட்டமும் 2⁻³ = 1/8 பங்கு. பிரித்துக் காட்டினால் 8 கட்டங்களும் கண்ணுக்குத் தெரியும். மடிக்காத தாள்? ஒரே அடுக்கு, முழுப் பங்கு. அதுதான் 2⁰ = 1.

அதன்பிறகு, பைக்கிலோ பஸ்ஸிலோ போகும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: 'இப்ப 50-ல போறோம், 40-க்குக் குறைச்சா பிரேக் தூரம் எத்தனை மடங்கு ஆகும்?' (4/5)² = 16/25 என்று பதில் வந்தால் பாடம் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.