கரியாலூருக்கு ஏறும் சுவிட்ச்

நெட்வொர்க் சுவிட்ச் பிறந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. வினோத் பரத்வாஜ் என்ற இந்திய வம்சாவளித் தொழில்முனைவரும் லாரி பிளேரும் சேர்ந்து கலிபோர்னியாவின் சிலிக்கான் பள்ளத்தாக்கில் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். பரத்வாஜின் மனைவி பெயர் கல்பனா. நிறுவனத்துக்கும் அதே பெயர். 1990 வாக்கில் அவர்கள் கொண்டுவந்த ஏழு போர்ட் (கேபிள் செருகும் இடம்) கொண்ட ஈதர்சுவிட்ச்தான் பல போர்ட்டுகள் கொண்ட முதல் ஈதர்நெட் சுவிட்ச். அதுவரை ஒரு அலுவலகத்தின் கணினிகள் எல்லாம் ஒரே வழியைப் பங்குபோட்டுக்கொண்டன. இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டின் தகவலும் மோதிக் கெட்டுப்போகும். கல்பனாவின் பெட்டி, வரும் தகவலின் முகவரியைப் படித்து உரிய போர்ட்டுக்கு மட்டும் அனுப்பியது. 1994-ல் சிஸ்கோ அந்த நிறுவனத்தை வாங்கியது. இன்று அலுவலக ரேக்குகளில் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும் அத்தனை பெட்டிகளுக்கும் பூர்வீகம் அதுதான்.

அந்த வம்சத்துப் பெட்டி ஒன்று கல்வராயன் மலை ஏறிக் கரியாலூரில் வேலைக்கு அமர வேண்டுமானால் என்னென்ன நடக்க வேண்டும்? பாதிப் பயணம் எந்தச் சரக்குக்கும் உள்ளதுதான். பெரும்பாலும் கிழக்காசியத் தொழிற்சாலைகளில் உருவாகிக் கப்பலிலோ விமானத்திலோ வரும். நிலைமை இப்போது மாறத் தொடங்கியிருக்கிறது. 2024 செப்டம்பரில் சிஸ்கோ இந்தியாவில் தன் முதல் தயாரிப்புக் கூடத்தைத் தமிழ்நாட்டில்தான் தொடங்கியது. எப்படி வந்தாலும் கிடங்கு, பில், லாரி, கள்ளக்குறிச்சி என்று கீழே உள்ள வழி சுலபம்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். அங்கிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை, பிறகு வளைந்து வளைந்து ஏறும் மலைச்சாலை. மேலே வெள்ளிமலையும் கரியாலூரும். சுற்றுலா வருபவர்களுக்கு இந்த மலை படகுத்துறையும் குளிர்காற்றும். மலையாளி பழங்குடி மக்களுக்கோ காவல் நிலையம், ஊராட்சி, பள்ளி, ரேஷன் கடை என்று அன்றாடம் போய் நிற்க வேண்டிய இடங்கள் உள்ள மலை அது. 1976 வரை ஜாகிர்தார்களின் கையில் இருந்த மலை. சாலை, மின்சாரம், மருத்துவம் எல்லாமே சமவெளிக்கு வந்து வெகுகாலம் கழித்துத்தான் இங்கே ஏறின. இணையமும் அந்த வரிசையில்தான் வருகிறது.

இணையம் இங்கே வசதிக்கான பொருள் இல்லை. ரேஷன் கடையில் விரல்ரேகை பதிவதும், காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை நாடு தழுவிய குற்றப் பதிவு வலையமைப்பில் ஏறுவதும், சாதிச் சான்றுக்கு இ-சேவையில் விண்ணப்பிப்பதும் இணைப்பு இருந்தால்தான் நடக்கும். பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் நொடிக்கு 1 ஜிகாபிட் வேகத்தில் ஃபைபர் கொண்டுபோகும் பொறுப்பு மாநில அரசின் டான்ஃபினெட் நிறுவனத்துக்கு. கேபிளில் பெரும்பகுதி மின்கம்பங்கள் வழியாகவே போகிறது. இதில் உலோகமே இல்லை, விற்றால் காசு தேறாது, வெட்டாதீர்கள் என்று மாவட்ட நிர்வாகங்கள் அறிக்கை விட வேண்டியிருந்தது. ஃபைபர் வந்து முடியும் கருவியிலிருந்து மேசைமேல் இருக்கும் கணினிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் வேலை சுவிட்சுடையது.

ரேக்கில் ஸ்குரூ போட்டு முறுக்கியதும் பெட்டி வந்து சேர்ந்துவிட்டது என்று கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். என் கருத்தில் அப்போது பயணம் முடிவதில்லை. மின்சாரம் போய்த் திரும்பி வரும்போது, பக்கத்தில் யாருமே இல்லாமல், தானாக எழுந்து தன் வேலையைத் தானே தொடங்குகிறதா? அப்படித் தொடங்கும் அன்றுதான் அது கரியாலூருக்கு வந்து சேர்ந்ததாகக் கணக்கு.

சென்னையில் சுவிட்ச் படுத்துவிட்டால் அரைமணியில் ஒருவர் லேப்டாப்போடு வந்து நிற்பார். மலையில் காற்று பலமாக அடித்தால் மரக்கிளை மின்கம்பியில் விழும், கரண்ட் போகும், யுபிஎஸ் பேட்டரியும் ஒரு கட்டத்தில் தீரும். நள்ளிரவில் கரண்ட் திரும்பும்போது அந்த அறையில் ஆள் இருக்கமாட்டார். என்ஜினியர் மறுநாள் கீழிருந்து கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் ஆளுக்குப் பதிலாக இருப்பவை, பெட்டி எப்படி எழ வேண்டும் என்று சொல்லும் பூட் செட்டிங்குகள் மட்டும்தான்.

பலருக்கும் கை பழகிய சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் 2960 வரிசையை வைத்துச் சொல்கிறேன். கரண்ட் வந்ததும் பெட்டி முதலில் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும். முகப்பில் உள்ள சிஸ்டம் விளக்கு பச்சையில் விட்டுவிட்டு எரியும். சோதனை தேறினால் நிலைத்து நிற்கும், தோற்றால் ஆம்பர் நிறத்துக்கு மாறும். அதன்பின் பூட் லோடர் என்ற சிறு நிரல் ஃப்ளாஷ் நினைவகத்தைத் திறந்து, இயங்குதள இமேஜைத் தேடி எடுத்து மெமரியில் ஏற்றும். எந்த இமேஜ் என்று நாம் குறித்து வைத்திருந்தால் நேராக அதற்குப் போகும். குறிக்காவிட்டால் ஃப்ளாஷில் உள்ள கோப்புறைகளை ஒவ்வொன்றாகத் துழாவி, இயக்கத்தக்கதாக முதலில் கண்ணில் படுவதை ஏற்றிக்கொள்ளும். அது யாரோ எப்போதோ அழிக்காமல் விட்ட பழைய பதிப்பாகவும் இருக்கலாம். கடைசியாக, நம் அமைப்புகளைச் சேமித்து வைத்த கான்ஃபிக் கோப்பைப் படித்து, எந்தப் போர்ட் யாருக்கு என்று வகுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கும்.

இதில் தவறு நுழையும் இடங்கள் மூன்று.

முதலாவது, சேமிக்காமல் விடுவது. சுவிட்சில் நாம் செய்யும் மாற்றம் உடனே நடைமுறைக்கு வந்துவிடும். ஆனால் அது ரன்னிங் கான்ஃபிக்கில் மட்டும் இருக்கும். கரும்பலகையில் எழுதியதை நோட்டில் எழுதிக்கொள்வதுபோல ஸ்டார்ட்அப் கான்ஃபிக்கில் பதிந்தால்தான் நிற்கும். ‘ரைட் மெமரி’ என்ற ஒரே கட்டளை. சில நொடி வேலை. அதை விட்டால் எல்லாம் சரியாக ஓடுவதுபோலவே தெரியும். அடுத்த கரண்ட் கட்டுவரைதான் ஓடும்.

இரண்டாவது, ‘பூட் மேனுவல்’. பழுது பார்க்கும்போது இதை ஆன் செய்து வைப்பார்கள். அப்புறம் ஒவ்வொரு முறையும் பெட்டி பாதி எழுந்து, இமேஜை ஏற்றாமல், மனிதர் வந்து கட்டளை தரட்டும் என்று காத்திருக்கும். பழுது பார்க்கும் மேசையில் இது உதவி. மலையில் ஒரு ஊரே துண்டிக்கப்பட்டுவிடும். ‘ஷோ பூட்’ என்று கேட்டால் வரும் சில வரிகளில் ‘மேனுவல் பூட்’ என்பதற்கு நேரே ‘நோ’ என்று இருக்கிறதா என்று பார்க்காமல் யாரும் ரேக்கை மூடக்கூடாது.

மூன்றாவது, ஒரே ஒரு இமேஜை நம்புவது. பதிப்பை மாற்றிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஃப்ளாஷில் உள்ள கோப்பு அரைகுறையாகிவிடும். வேறு நல்ல இமேஜ் இல்லையென்றால், கன்சோல் கேபிளைச் செருகி எக்ஸ்மோடம் என்ற பழைய கோப்பு அனுப்பும் முறையில் ஏற்றுவதுதான் கதி. கன்சோலின் வழக்கமான வேகம் நொடிக்கு 9600 பிட். 10 மெகாபைட் இமேஜ் ஏற ஏறக்குறைய மூன்று மணி நேரம். வேகத்தை 115200-க்கு மாற்றத் தெரிந்தவருக்குக் கால்மணி நேரம். முன்கூட்டியே ஃப்ளாஷில் இரண்டு நல்ல இமேஜ்களை வைத்து, சரிபார்ப்பு எண்ணை ஒத்துப் பார்த்துவிட்டால் இந்தப் பாடே இல்லை. ஹெச்பி சுவிட்சுகளில் பிரைமரி, செகண்டரி என்று இரண்டு இடம் கொடுத்தே வைத்திருக்கிறார்கள்.

கீழே இருந்துகொண்டு மேலே உள்ள பெட்டியின் அமைப்பை மாற்றுபவருக்கும் பூட் ஒரு காப்பு. மாற்றத்தைத் தொடங்குமுன் ‘ரீலோட் இன் 10’ என்று கொடுத்துவிட வேண்டும். கை தவறி இணைப்பையே அறுத்துக்கொண்டாலும், பத்து நிமிடத்தில் பெட்டி தானாக மறுபடி எழுந்து, சேமித்த பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும். எல்லாம் சரியாக வந்தால் ரத்து செய்துவிட்டுச் சேமிக்கலாம். ஜூனிப்பர் கருவிகளில் மறுபூட் கூட இல்லாமல் இதே வேலையை ‘கமிட் கன்ஃபர்ம்டு’ செய்துவிடும். இந்த ஒரு பழக்கம் எத்தனையோ மலைப்பயணங்களை மிச்சப்படுத்தும்.

ஓய்வு பெறும் நாளிலும் பூட் கோப்புகள் கவனம் கேட்கும். கழற்றி மின்கழிவுக்கு அனுப்பும் சுவிட்சின் ஃப்ளாஷில் கடவுச்சொற்களும் முகவரிகளும் அப்படியே உட்கார்ந்திருக்கும். ‘ரைட் இரேஸ்’ கொடுத்தாலும் போர்ட்டுகளைக் குழுக்களாகப் பிரிக்கும் விலேன் விவரங்கள் தனிக்கோப்பில் தங்கிவிடும்; அதைத் தனியாக அழிக்க வேண்டும். காவல் நிலையத்திலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இருந்து வெளியேறும் பெட்டிக்கு இது கட்டாயம்.

ஆகவே மலைக்குப் போகும் ஒவ்வொரு சுவிட்சையும் ஒப்புக்கொள்ளும் முறையை மாற்றச் சொல்கிறேன். பெட்டியின் சீரியல் எண்ணை எழுதிக் கையெழுத்திட்டால் போதாது. ஊராட்சிச் செயலர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பவர் கேபிளைப் பிடுங்க வேண்டும். ஒரு நிமிடம் கழித்துச் செருக வேண்டும். விளக்கு நிலைத்து, போர்ட்டுகள் பச்சையாகி, அவர் மேசையில் இருக்கும் கணினியில் இணையப் பக்கம் திறக்கும்வரை யாரும் எதையும் தொடக்கூடாது. கான்ஃபிக்கின் ஒரு பிரதி கள்ளக்குறிச்சியில் இருக்க வேண்டும். கன்சோல் கேபிள் ஒன்று அதே ரேக்கில் இருக்க வேண்டும். அதைச் செருகி ‘ஷோ பூட்’ கேட்கத் தெரிந்த, மலையிலேயே குடியிருக்கும் ஓர் இளைஞருக்கோ இளம்பெண்ணுக்கோ அந்த வேலை சம்பளத்தோடு கிடைக்க வேண்டும். பல கோடி செலவில் கொண்டுவரும் இணைப்பு, சில நொடிக் கட்டளை ஒன்றை மறந்ததால் மலைமக்களுக்குக் கிடைக்காமல் போகக்கூடாது.